சென்னையில் தூண்டில் போட: ஓதத்துக்கு முன்னால் காற்றைப் பாருங்கள்

சென்னைக் கரையில் தூண்டில் போடக் கிளம்புகிறவர் பெரும்பாலும் முதலில் தேடுவது, கடல்மட்டம் ஏறி இறங்கும் ஓதத்தின் அட்டவணையைத்தான். ஏற்றம் எத்தனை மணிக்கு, வற்றம் எத்தனை மணிக்கு என்று பார்த்து, அதற்கேற்ப அலாரம் வைத்துக்கொள்கிறார். போய் நின்றால் தண்ணீர் கலங்கிக் கிடக்கிறது, வீசும்போதெல்லாம் முள்ளில் பாசியும் பிளாஸ்டிக்கும் சுற்றிக்கொண்டு வருகிறது. ஓதம் சரியாகத்தான் இருந்தது, காற்றும் நீரோட்டமும்தான் சரியில்லை. நம் கரையில் பார்க்க வேண்டிய வரிசையே வேறு. முதலில் காற்று, அடுத்து நீரோட்டத்தின் திசை, அப்புறம் தண்ணீரின் நிறம், கடைசியில்தான் ஓதம். முகத்துவாரங்களில் மட்டும் ஓதம் முதலிடத்துக்கு வந்துவிடும்.

காரணம் எளிது. சென்னையில் ஓதத்தின் ஏற்றவற்றம் மிகக் குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சுமார் 1 மீட்டர், அஷ்டமியை ஒட்டிச் சுமார் 40 செ.மீ., அவ்வளவுதான். குஜராத்தின் பாவ்நகர் பக்கம் இது 10 மீட்டரைத் தொடும். யூடியூபில் பார்க்கும் வெளிநாட்டு வீடியோக்கள் பலவும் ஓதம் பல மீட்டர் ஏறி இறங்கும் கடற்கரைகளில் எடுத்தவை. அங்கே ஓதம் ஏறினால் நேற்று நடந்த மணல்திட்டே முழுகிப் போகும். பெசன்ட் நகரிலோ நீலாங்கரையிலோ 40 செ.மீ. ஏற்றம் மீனின் போக்கை அவ்வளவு மாற்றாது. அதே இடத்தில் காற்று கிழக்குக்குத் திரும்பினால் ஒரே நாளில் தண்ணீரின் நிறம் மாறிவிடும்.

தெண்டியும் வன்னியும்

நம் குப்பத்து மீனவர்கள் கரையோர நீரோட்டத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி. வருடத்தின் பெரும்பகுதி, ஏறக்குறைய மார்ச் முதல் செப்டம்பர் வரை, மணலும் தண்ணீரும் வடக்கு நோக்கி நகரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது தெற்கு நோக்கித் திரும்பும். ஆண்டுக் கணக்கில் கூட்டிக் கழித்தால் வடக்கு நோக்கிய நகர்வுதான் அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர்கள் எழுந்ததும் அந்த மணல் தெற்கே தடுக்கப்பட்டு மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர், எர்ணாவூர் வரை கடல் ஊரை அரித்ததும் இதனால்தான். இன்று அந்த வடசென்னைக் கரையில் கல் கொட்டிய சுவர்களும், தூண்டில் வளைவுகள் எனப்படும் கடலுக்குள் நீளும் கல்வரிசைகளும் நிற்கின்றன.

இன்றைக்கு எந்த வெள்ளம், அதாவது எந்த நீரோட்டம், என்று தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம். 40 கிராம் ஈயத்தைக் கரைக்கு நேராக வீசித் தூண்டில் நரம்பை இறுக்கிப் பிடியுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் நரம்பு இடதுபக்கம் சாய்ந்தால் தெண்டி, வலதுபக்கம் சாய்ந்தால் வன்னி. கடலைப் பார்த்து நிற்கும்போது நமக்கு இடம் வடக்கு, வலம் தெற்கு. 40 கிராம் அசையாமல் நின்றால் வெள்ளம் மந்தம். 80 கிராமும் நிற்காமல் உருண்டுகொண்டே போனால் அன்றைக்குத் திறந்த கரையை விட்டுவிட்டு, கல்லுக்குப் பின்னால் மறைவான இடம் தேடுவது நல்லது. கம்பிக் கால் வைத்த ஈயம் போட்டு நிறுத்திவிடலாம்தான். ஆனால் அந்த வேகத்தில் நரம்பில் குப்பை சேர்ந்துகொண்டே இருக்கும், மீன் கடித்தாலும் கோலில் தெரியாது.

வெள்ளத்தின் திசை தெரிந்தால் பாதி முடிவு எடுத்தாயிற்று. மழைக்காலத்தில் அடையாறு பழுப்பு நிறத்தில் கடலில் கொட்டும். அப்போது வன்னி ஓடினால் அந்தக் கலங்கல் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இழுபடும். முகத்துவாரத்துக்கு வடக்கே தண்ணீர் ஒப்பீட்டளவில் தெளிவாக இருக்கும். தெண்டி ஓடினால் இது அப்படியே மாறும். ஆகவே முகத்துவாரத்தின் எந்தப் பக்கம் நிற்பது என்பதைப் பழக்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெள்ளம் வரும் பக்கம் நில்லுங்கள். அங்கிருந்து கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோட்டை நோக்கி வீசுங்கள். பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவே ஓடும் அந்தக் கோடு கண்ணுக்கே தெரியும். நுரையும் சருகும் அதில் வரிசையாகச் சேர்ந்திருக்கும். சிறுமீன்கள் கலங்கலின் மறைவில் ஒதுங்கும், கொடுவா, பாறை போன்ற வேட்டை மீன்கள் தெளிவான பக்கத்தில் காத்து நிற்கும்.

தூண்டில் வளைவுகளிலும் இதே கணக்குத்தான். தெண்டிக் காலத்தில் கல்வரிசையின் தென்பக்கம் மணல் சேர்ந்து மேடாகும். நுனியிலும் வடபக்கத்திலும் பள்ளம் இருக்கும், வெள்ளம் சுழன்று திரும்பும் நிழலிடமும் அங்கேதான். பருவமழைக் காலத்தில் பக்கம் மாறும். ஜூலையில் நன்றாகக் கிடைத்த அதே கல்லில் டிசம்பரில் போய் நின்று ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், மீன் போய்விட்டது என்று முடிவு கட்டாமல் கல்வரிசையின் மறுபக்கம் நகர்ந்து பாருங்கள்.

காற்றும் பருவமும்

தென்மேற்குப் பருவக் காலத்தில், ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை, காலையில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். அலை படுத்திருக்கும், வீச்சுக்குக் காற்று துணை நிற்கும், நரம்பு சிக்காது. விடியலுக்கு முன்னால் தொடங்கி 10 மணி வரை தாராளமாகப் போடலாம். கடற்காற்று பிற்பகலில்தான் தலைகாட்டும். தென்மேற்கிலிருந்து சாய்வாக, கரையை ஒட்டியும் வீசும் இந்தப் பருவக்காற்று மேல்தண்ணீரைக் கடலுக்குள் தள்ளிவிடுவதால், அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த தண்ணீர் மேலே வருகிறது. ஆகஸ்டில் கால் நனைத்தவுடன் சில்லென்று இருந்தால் அதுதான் காரணம். அந்தச் சத்தில் நுண்ணுயிர்கள் பெருகும், அவற்றைத் தின்ன நெத்திலி, கவலை மீன்கள் வரும், அவற்றின் பின்னால் சீலாவும் பாறையும் வரும்.

2019 ஆகஸ்டில் திருவான்மியூர் முதல் ஈஞ்சம்பாக்கம் வரை இரவில் அலை நீலமாக ஒளிர்ந்தது பலருக்கு நினைவிருக்கும். நாக்டிலூகா என்னும் நுண்ணுயிரின் பெருக்கம் அது. பார்க்க அழகு, தூண்டிலுக்கு இடைஞ்சல். தண்ணீரில் அசையும் எதுவும் ஒளிரும் என்பதால் நரம்பும் முடிச்சும் ஸ்விவலும் மீனுக்குப் பளிச்சென்று தெரியும். அப்படி ஒளிரும் இரவில் இரையை அசைக்காமல் அடியில் கிடத்தி வைப்பதுதான் வழி. செயற்கை இரையை வீசி இழுப்பதை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

மார்ச் முதல் மே வரை கடற்காற்று சீக்கிரமே, பல நாட்களில் நண்பகலுக்கு முன்பே வந்துவிடும். 8 மணிக்குள் முடித்துக்கொள்ளத் திட்டமிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017-க்கு முன்னால் இது 45 நாளாக இருந்தது. இந்தத் தடை விசைப்படகுகளுக்கு மட்டும்தான், கரையில் நின்று தூண்டில் போடுவதற்கு இல்லை. இந்த மாதங்களில் கவனிக்க வேண்டியது கள்ளக்கடல். தெற்கே வெகுதூரத்தில் எழுந்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் திடீரெனக் கரையேறும். கேரளத்திலும் தென் தமிழகத்திலும் இது பலமாக இருக்கும். சென்னையிலும் நீண்ட இடைவெளி அலைகள் வருவதுண்டு.

அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை வடக்கிலிருந்து வாடைக் காற்றும் கிழக்கிலிருந்து கொண்டலும். கொடுவாவுக்கு இதுதான் பேர்பெற்ற காலம். மழைநீர் முகத்துவார மணல்திட்டை உடைத்து, உள்ளே இருந்த இறாலையும் மடவையையும் வெளியே தள்ளும்போது அது வாசலில் வந்து நிற்கும். ஆனால் பருவத்தின் முதல் பெருமழை இறங்கும் நாட்களில் அடையாறு, கூவம் முகத்துவாரங்களுக்குப் போகவே போகாதீர்கள். மாதக்கணக்கில் தேங்கிய கழிவு மொத்தமாக அடித்துக்கொண்டு வரும், தண்ணீரில் பிராணவாயு இருக்காது. மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும், செத்தும் மிதக்கும். மிதக்கும் மீனை எடுத்துச் செல்வது பேராபத்து. தொடர் மழையில் ஆறு நன்றாகக் கழுவப்பட்டு, நாற்றம் போய், பழுப்பாக ஓடத் தொடங்கிய பிறகு போகலாம்.

ஆண்டிலேயே சிறந்த காலம் எது என்று கேட்டால் என் பதில் பொங்கலுக்குப் பிந்தைய ஆறு வாரங்கள். வாடை தணிந்திருக்கும், கடல் தெளிந்திருக்கும், முகத்துவாரங்கள் பெரும்பாலும் இன்னும் திறந்தே இருக்கும். இந்த மூன்றும் ஒன்றாக அமைவது வேறு எந்த மாதத்திலும் அரிது.

முன்னறிவிப்பில் எதைப் படிப்பது

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடல்நிலை முன்னறிவிப்பை இலவசமாகத் தருகிறது. அலை உயரம், அலைகளுக்கு இடையிலான நேரம், காற்று, நீரோட்டம் எல்லாம் அதில் உண்டு. மீனவர்களுக்கான எச்சரிக்கைக்குச் சென்னை வானிலை ஆய்வு மையத்தைப் பாருங்கள்.

அலை உயரம் 1 மீட்டர் என்று போட்டிருந்தால், வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது என்று பொருள். அதாவது சில மணி நேரத்தில் 2 மீட்டரை நெருங்கும் அலை ஒன்றாவது வரும். கல்வரிசையில் நிற்கிறவரை இழுத்துக்கொண்டு போவது அந்த ஓர் அலைதான். பத்து நிமிடம் பார்த்தேன், கல்லின் மேல்பகுதி நனையவில்லை என்று இறங்குவது போதாது. அரை மணி நேரமாவது தள்ளி நின்று பாருங்கள்.

உயரத்தைவிட நேர இடைவெளி முக்கியம். 0.8 மீட்டர் உயரம், 7 வினாடி இடைவெளி என்றால் சாதாரணக் காற்றலை, தூண்டிலுக்கு நல்லது. அதே 0.8 மீட்டர், 15 வினாடி என்றால் வெகுதூரம் பயணித்து வந்த, சக்தி மிகுந்த அலை. ஆழம் குறையும்போது அது பொங்கி உயர்ந்து கரையில் நெடுந்தூரம் ஏறும், திரும்பும்போது காலடி மணலையும் உருவிக்கொண்டு போகும். இடைவெளி 14 வினாடியைத் தாண்டினால் கல்லில் ஏறக் கூடாது என்பதைக் கறாரான விதியாக வைத்துக்கொள்ளுங்கள். திறந்த மணற்கரைக்கு 0.5 முதல் 1 மீட்டர் வரை உகந்தது. 1.2-க்கு மேல் போனால் அடிமணல் கலங்கிவிடும். 0.4-க்குக் கீழே என்றால் தண்ணீர் கண்ணாடி, மீன் பகலில் கரைக்கு வராது. இருட்டிய பிறகோ விடிவதற்கு முன்போ போங்கள்.

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு 1-ஆம் எண் ஏறினாலே கரை மீன்பிடிப்பை நிறுத்திவிடுங்கள். புயல் தூரத்தில்தான் இருக்கும், வானம் வெளுத்தே இருக்கும். ஆனால் அதன் அலை காற்றுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும்.

மணற்கரையில்

சென்னைக்குத் தெற்கே கரை செங்குத்தாக இறங்குவதால் அலை கரையை ஒட்டியே உடைகிறது. புதிதாக வருகிறவர்கள் 100 மீட்டர் வீச முயன்று தோள்பட்டையை வலிக்கச் செய்துகொள்கிறார்கள். தேவையே இல்லை. அலை எங்கே வெள்ளையாக உடைகிறதோ அங்கே மணல்மேடு. அதற்கும் கரைக்கும் நடுவே உடையாமல் கருத்துத் தெரியும் பட்டை பள்ளம். பல இடங்களில் அது 15 முதல் 30 மீட்டரிலேயே இருக்கும். கிழங்கான் மீன் அந்தப் பள்ளத்தில்தான் மேயும். முதல் வீச்சை அங்கே போடுங்கள், எடுத்த எடுப்பில் முழங்கால் தண்ணீரில் இறங்கி அதை விரட்டிவிடாதீர்கள்.

மேட்டை அறுத்துக்கொண்டு கடலுக்குள் போகும் கருத்த வாய்க்கால் தெரிந்தால், மீன் உள்ளே வந்துபோகும் வழி அது. ஆளைக் கடலுக்குள் இழுக்கும் வெள்ளமும் அதே வழிதான். ஓரத்தில் நின்று வீசலாம், உள்ளே இறங்கக் கூடாது. தவறி விழுந்து இழுக்கப்பட்டால் கரையை நோக்கி நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும்.

கிழங்கானுக்கு வாய் சிறியது. நீண்ட தண்டுள்ள 8 அல்லது 6-ஆம் எண் முள் இரண்டு, 15 செ.மீ. கிளை நரம்பில், அடியில் 30 முதல் 40 கிராம் ஈயம். இரை, தோல் உரித்த இறாலில் 2 செ.மீ. துண்டு அல்லது கடல்புழு. துண்டு பெரிதானால் அது கொத்திக் கொத்தி இரையை உருவிவிடும், முள் ஏறாது. வீசியபின் அப்படியே விட்டுவிடாமல் அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஓரடி இழுங்கள். ஈயம் கிளப்பும் மணல்புகையைப் பார்த்து கிழங்கான் வரும். இரை வைத்த ஒரு நிமிடத்துக்குள் காணாமல் போய்க்கொண்டே இருந்தால் கீச்சானோ பேத்தையோ மேய்கிறது என்று அர்த்தம். நரம்பே கத்தரித்தது போல அறுந்து வந்தால் பேத்தைதான். 30 மீட்டர் தள்ளிப் போய்விடுவதுதான் தீர்வு.

கோல் 9 முதல் 10 அடி, 20 முதல் 60 கிராம் வரை வீசக்கூடியது. ரீல் 4000 அளவு. அதில் பிஇ 1.5 அல்லது 2 தடிமனில் பிரெய்டு என்னும் பின்னல் நரம்பு 200 மீட்டர். பிரெய்டின் முனையில் கோலின் நீளத்தைப் போல இரு மடங்கு, 30 முதல் 40 பவுண்டு தங்கூஸ் கட்டாயம் வேண்டும். வேகமாக வீசும்போது விழும் அதிர்ச்சியைத் தாங்குவது அந்தத் தங்கூஸ்தான். அது இல்லாமல் 60 கிராம் ஈயத்தை ஓங்கி வீசினால், நரம்பு அறுந்து ஈயம் தனியாகப் பறக்கும். கூட்டம் நடமாடும் எலியட்ஸ் கடற்கரையில் அது யார் மண்டையையும் உடைக்கும். பிரெய்டையும் தங்கூஸையும் எஃப்ஜி முடிச்சால் இணையுங்கள். முடிச்சைப் போட்டதும் எச்சிலில் நனைத்து, கையுறை போட்டுக்கொண்டு முழு பலத்தில் இழுத்துப் பாருங்கள். பிரெய்டு நிறம் மாறிக் கருத்து இறுகினால் முடிச்சு பிடித்துவிட்டது. வழுக்கினால் அறுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

பக்கக் காற்றில் பிரெய்டு சிடுக்கு விழுவது எல்லோருக்கும் வரும் தொல்லை. வீசியபின் ரீல் கைப்பிடியைச் சுழற்றி, நரம்பைப் பிடிக்கும் கம்பி வளையத்தை மூடுவதுதான் காரணம். கையால் மூடி, தொய்வை விரலால் இழுத்துவிட்டு, அப்புறம் சுற்றினால் முக்கால்வாசிச் சிக்கல் போய்விடும். மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீல் டிராகை, நரம்பின் தாங்குதிறனில் நான்கில் ஒரு பங்குக்கு வையுங்கள். 10 கிலோ நரம்புக்கு 2.5 கிலோ. கையால் இழுத்து மதிப்பிடாமல் வில்தராசில் மாட்டிப் பாருங்கள். பெரும்பாலானோர் தாங்கள் நினைப்பதைவிட இறுக்கமாகவே வைத்திருப்பார்கள்.

முகத்துவாரங்களில்

இங்கே ஓதமே ராஜா. ஏற்றமும் வற்றமும் சுமார் ஆறேகால் மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும், ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பின்தள்ளிப் போகும். அட்டவணையில் உள்ள நேரம் கடலுக்கானது. முட்டுக்காடு போலக் குறுகிய வாய் உள்ள காயலில், கடலில் ஏற்றம் முடிந்த பிறகும் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வெள்ளம் திரும்புவது தாமதமாகத்தான் நடக்கும். வாய் மணல் மூடிக் குறுகக் குறுக இந்தத் தாமதம் கூடும். ஒரு நாள் நேரம் குறித்துப் பார்த்துவிட்டால் அந்தப் பருவம் முழுக்க அந்த வித்தியாசத்தைக் கூட்டிக்கொள்ளலாம். மழை உடைத்து வாய் அகலமானதும் மறுபடி குறித்துக்கொள்ளுங்கள்.

வற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரமும் ஏற்றத்தின் முதல் ஒரு மணி நேரமும் கொடுவாவுக்கு உரியவை. உள்ளிருந்து வரும் மடவையும் இறாலும் குறுகிய வாய்க்காலில் நெருக்கப்பட்டு வெளியேறும் நேரம் அது. பாலத் தூணின் பின்புறம், மணல்திட்டின் சரிவு, இரு வெள்ளம் சேரும் மடிப்பு ஆகியவை அது பதுங்கும் இடங்கள். 10 முதல் 12 செ.மீ. உயிர் மடவையை மேலுதட்டிலோ முதுகுத் துடுப்புக்கு முன்னாலோ மாட்டுங்கள். 4/0 வட்ட முள், 50 பவுண்டு தங்கூஸ் 70 செ.மீ., நரம்பில் ஓடும்படி கோத்த 20 முதல் 30 கிராம் ஈயம். வட்ட முள்ளில் கடித்தவுடன் வெட்டி இழுக்கக் கூடாது. கோல் வளையும் வரை பொறுத்து, சீராகச் சுற்றத் தொடங்கினால் வாயோரத்தில் தானே மாட்டும். கரைக்கு வந்ததும் கொடுவாவின் செவுள் மூடியில் விரலை விடாதீர்கள், அதன் ஓரம் பிளேடு. கீழ்த்தாடையைப் பிடிகருவியால் பிடியுங்கள்.

கொடுவா ஆணாகத் தொடங்கி, பல ஆண்டு வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும் மீன். மிகப் பெரியவை எல்லாம் முட்டையிடும் பெண்கள்தான். முட்டுக்காட்டில் களநிலையம் வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் இதைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யவைத்தது. குஞ்சு பண்ணைகளுக்குக் கிடைக்கிறது. ஆனால் நம் காயல்களில் மீன் நிலைக்க வேண்டுமானால் பெரியதைப் படம் எடுத்துவிட்டுத் தண்ணீரில் விடுவதும், இரண்டு கிலோ அளவில் ஒன்றை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போவதும்தான் சரி. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

சாப்பாட்டுக்கு என்றால் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கூவத்திலும் அடையாற்றிலும் பிடித்ததைச் சமைக்க வேண்டாம். எண்ணூர் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் பல காலமாகச் சேர்ந்திருக்கிறது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவியது. அங்கே பிடிப்பதைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். முட்டுக்காடு, கோவளம், பாலாற்று முகத்துவாரம் ஆகியவை மேல். பாலாற்று வாய் மழை பெய்த மாதங்களில்தான் உயிரோடு இருக்கும். கோடையில் மணல்திட்டுத்தான் மிஞ்சும்.

பழவேற்காடு அருமையான இடம். ஆனால் அங்கே ஏரியின் பல பகுதிகள் 'பாடு' முறைப்படி இன்னார் இன்ன நாளில் வலை போடலாம் என்று பங்கிடப்பட்டிருக்கின்றன. கேட்காமல் தூண்டில் போட்டு வலையில் முள்ளை மாட்டினால் ஒருவரின் அன்றைய பிழைப்பு போகும். முதலில் கரையில் இருப்பவரிடம், "அண்ணே, இங்க போடலாமா?" என்று கேளுங்கள், இடம் சொல்லியே அனுப்புவார்கள். படகில் ஏறினால் உயிர்காப்பு உடுப்பு இல்லாமல் ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குப்பங்களில் பெரிய வலை இழுக்கும் நேரத்திலும் குறுக்கே வீசாதீர்கள். துறைமுகப் பகுதிகள், கல்பாக்கம் அணுமின் நிலையக் கரை, குடிநீர் ஏரிகள் ஆகியவை அனுமதியின்றிப் போகக் கூடாத இடங்கள்.

மாட்டக் கூடாதவை மாட்டினால்

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட நம் கரைக்கு வரும். இரவில் தலைவிளக்கைக் கடலை நோக்கி அடிக்காமல், சிவப்பு வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆமை அருகில் தெரிந்தால் தூண்டிலை எடுத்துவிடுங்கள். உழுவை (கிட்டார் மீன்) மாட்டினால் அது சட்டப் பாதுகாப்பு பெற்றது. கரையில் இழுத்துப் போடாமல், தண்ணீரிலேயே வைத்து நரம்பை வாயருகே வெட்டி விட்டுவிடுங்கள். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் முன்பே நசுக்கி வைத்திருந்தால் எந்த மீனையும் விடுவிப்பது நொடி வேலை. உங்கள் விரலில் ஏறினாலும் எளிதாகக் கழன்று வரும்.

திருக்கையின் வாலும் கெளுத்தியின் மூன்று முள்ளும் விஷம். குறிப்பாக இருங்கெளுத்தியைக் கையால் தொடவே தொடாதீர்கள், நரம்பை வெட்டிவிடுங்கள். திருக்கை இருக்கும் கலங்கல் தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துக்கொண்டே நடங்கள், அது விலகிப் போய்விடும். குத்திவிட்டால் கடல் தண்ணீரில் கழுவி, தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். வலியைக் குறைப்பது அந்தச் சூடுதான். குத்துப்பட்ட இடம் மரத்திருக்கலாம் என்பதால், சூட்டை அடிபடாத கையால் தொட்டுப் பார்த்து அளவிடுங்கள். இறுக்கிக் கட்டுப் போடாதீர்கள். முள் உள்ளே ஒடிந்திருந்தாலும், நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தாலும் பிடுங்காமல் அப்படியே மருத்துவமனைக்குப் போங்கள். டெட்டனஸ் ஊசியையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஃபிளாஸ்கில் வெந்நீர் எடுத்துச் செல்வது டீக்கு மட்டுமல்ல, இதற்கும் உதவும்.

வீடு திரும்பியதும் ரீல் டிராகை முழுவதும் இறுக்கி, குழாயைச் சன்னமாகத் திறந்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு பேரிங்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். துடைத்து நிழலில் காயவைத்து, டிராகைத் தளர்த்தி, சுழலும் பகுதிகளில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். கோலின் வளையங்கள் ஒவ்வொன்றிலும் பஞ்சை நுழைத்து இழுத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே விரிசல். அடுத்த தடவை பிரெய்டு அறுவது அந்த வளையத்தில்தான், உடனே மாற்றிவிடுங்கள்.